உயிர்களின் இயல்பு: ஒருதலையும் உறழ்ச்சியும்



உலகில் உள்ள உயிர்கள் எண்ணிறந்தன. அவற்றின் செயல்களும் எண்ணிறந்தன. எறும்பு ஊர்கிறது; குயில் கூவுகிறது; பூனை பதுங்குகிறது; மரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இவற்றுள் எது அவ்வுயிரால் விட முடியாதது, எது விட்டாலும் கேடில்லாதது எனப் பிரித்துக் காண்பது பயனற்ற ஆராய்ச்சி அன்று. பிற உயிர்மேல் இரக்கம் கொள்வோர் முதற்கண் அறிய வேண்டிய பகுப்பு அதுவே. அதனை அறியாது செலுத்தும் அன்பு, சிற்சில வேளைகளில், அன்புக்கு இலக்கான உயிரையே வருத்திவிடும்.

இலக்கணம் காட்டும் வழி

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இப்பகுப்புப் புதியதன்று. பாலையுடைய குடம் என்னும் பொருளில் ‘பால்’, ‘குடம்’ என்னும் இரு சொற்களையும் புணர்த்தினால் ‘பாற்குடம்’ என வருதல் வேண்டும் என்பது நன்னூல் விதி. இன்று திருவிழாக்களில் ‘பால்குடம்’ என்றே வழங்கினும், விதிப்படி அங்கே லகரம் றகரமாகத் திரிதல் கட்டாயம். ஆனால் ‘கல்’, ‘குறிது’ என்னும் சொற்களை எழுவாய்த் தொடராகப் புணர்த்துமிடத்துக் ‘கல்குறிது’ எனவும் வரலாம். ‘கற்குறிது’ எனவும் வரலாம். இரண்டும் வழுவல்ல. இவ்வாறு ஒருகால் திரிந்தும் ஒருகால் திரியாதும் வருதலை இலக்கண நூலார் உறழ்ச்சி என்பர். மாறாது உறுதியாக வருதலை ஒருதலை எனக் கூறலாம்.

எழுத்து ஒன்றே, இடம் வேறானவுடன் அதன் கட்டுப்பாடும் வேறாகிறது. உயிர்களின் வாழ்க்கையிலும் இந்த ஒருதலையும் உறழ்ச்சியும் உண்டு. எதனை விட்டால் அவ்வுயிரோ அதன் குலமோ அழியுமோ, அது ஒருதலை இயல்பு. எதனைச் செய்தும் வாழலாம், செய்யாதும் வாழலாமோ, அது உறழ்ச்சி இயல்பு. இனிச் சில உயிர்களிடத்து இவ்விரண்டையும் காண்போர்க்கு வியப்பு மிகும்.

சந்தனமும் அத்தியும்

பூசைக்கு அரைக்கப்படும் சந்தனத்தின் மரம், பார்ப்பதற்குத் தன்னுரிமையுடன் தனித்து நிற்பது போலத் தோன்றும். அதற்குப் பசிய இலை உண்டு. கதிரொளியைக் கொண்டு உணவு ஆக்கவும் அறியும். ஆயினும் மண்ணின்கீழ் அது தன் வேரை அண்டை மரத்தின் வேரோடு பொருத்தி, அங்கிருந்து நீரையும் உப்புச் சத்துகளையும் உறிஞ்சிக் கொள்கிறது. விதையிலிருந்து முளைத்த சந்தனக் கன்று சில திங்கள் தனித்து வளரும். அதன்பின் துணைவேர் கிட்டாவிடின் தேம்பிவிடும். ஆதலின்தான் நாற்றங்காலில் சந்தனக் கன்றோடு துவரை போன்ற செடியை உடன் வளர்க்கின்றனர். தோட்டத்தில் சவுக்கு, புங்கம் போன்ற மரங்களை அருகில் நடுகின்றனர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சந்தனத்திற்குத் துணை வேண்டும் என்பது ஒருதலை. அத்துணை இன்ன மரம்தான் என்பதில் உறழ்ச்சி உண்டு. சவுக்கு இல்லையெனில் புங்கம். புங்கம் இல்லையெனில் வேறொன்று. தேவை மாறாது, தேவையை நிறைவேற்றும் வழி மாறும்.

அத்தி மரத்தின் நிலையோ இதனினும் இறுக்கமானது. அரிதாக நிகழும் ஒன்றை ‘அத்தி பூத்தாற்போல’ என்பது வழக்கு. உண்மையில் அத்தி பூவாத மரம் அன்று. காய் எனக் கருதப்படுவது, மிகப் பல நுண்ணிய பூக்களை உள்ளே வைத்து மூடிய பையே ஆகும். அப்பூக்களுக்கு மகரந்தம் கொணர்வது எள்ளினும் சிறிய ஒரு குளவி. பெண்குளவி காயின் நுனியிலுள்ள சிறு துளை வழியே நுழைந்து, மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு, உள்ளேயே மடிகிறது. அங்கே பிறக்கும் ஆண்குளவிக்குச் சிறகே இல்லை. அது பிறந்த காய்க்குள்ளேயே வாழ்ந்து முடிகிறது. சிறகுள்ள பெண்குளவி மட்டும் மகரந்தம் சுமந்து வெளியேறி வேறொரு காயைத் தேடிச் செல்கிறது. குளவியின்றி அத்திக்கு விதை இல்லை. அத்தியின்றிக் குளவிக்குக் குலம் இல்லை. இங்கே துணை வேண்டும் என்பதும் ஒருதலை. இன்ன துணை என்பதும் ஒருதலை.

இவ்வுறவைப் பிரித்தால் யாது நிகழும் என்பதை அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா உழவர்கள் பட்டறிந்தனர். 1880களில் அவர்கள் துருக்கியிலிருந்து ஸ்மிர்னா என்னும் சீமை அத்தி வகையைக் கொணர்ந்து நட்டனர். மரங்கள் செழித்தன. காய்களோ பிஞ்சிலேயே உதிர்ந்தன. மண், நீர், உரம் எதிலும் குறை இல்லை. 1899ஆம் ஆண்டில் அம்மரத்திற்குரிய குளவியைக் கொணர்ந்து நிலைபெறச் செய்த பின்னரே விளைச்சல் கண்டனர். மரத்திற்கு எல்லாம் கொடுத்தவர்கள், அதற்கு இன்றியமையாத ஒன்றைக் கொடுக்க அறியாதிருந்தனர்.

திருக்குளத்து மீன்கள்

நீரில் வாழும் மீன் நீரில் மூழ்கி இறக்குமோ என்றால் நகைப்பு எழலாம். விரால் மீன் இறக்கும். அதன் செவுளுக்கு மேலே, தலையினுள், காற்றை ஏற்கும் அறை ஒன்று அமைந்துள்ளது. வளர்ந்த விரால் அடிக்கடி மேலெழுந்து காற்றைக் கவ்விச் செல்வது அதற்காகவே. நீர்ப்பரப்புக்கு வர இயலாதவாறு தடுத்துவிட்டால், நீர் எத்துணைத் தூயதாயினும் அது மூச்சடைத்து மடியும். வேறு சில மீன்கள், நீரில் உயிர்வளி நிறைந்துள்ளபோது செவுளாலேயே வாழ்ந்து, அது குறைந்த காலத்து மட்டும் மேலே வந்து காற்றை விழுங்கும். விராலுக்கு ஒருதலையாக உள்ளது இவற்றுக்கு உறழ்ச்சி. கெண்டை போன்றவற்றுக்கோ காற்றை ஏற்கும் அறை இல்லை. நீரில் கரைந்த உயிர்வளியே அவற்றுக்குக் கதி.

இது திருக்குளங்களைப் பேணுவோர்க்குப் பெரிதும் பயன்படும் செய்தி. ஆகாயத்தாமரை குளம் முழுதும் படர்ந்து மூடினால் விராலுக்கு இடர். அன்பர்கள் மீனுக்கென மிகுதியாக இறைத்த பொரியும் நீரில் விட்ட பூமாலையும் அழுகி உயிர்வளியைக் குறைத்தால் கெண்டைக்கு இடர். பொரி மீனுக்கு உறழ்ச்சி, மூச்சு ஒருதலை. கைப்பிடிப் பொரியால் புண்ணியம் தேடுவோர், அம்மீனின் மூச்சைக் கெடுக்கலாகாது.

குயிலைப் பழித்தல் தகுமோ?

குயில் கூடு கட்டாது. காக்கையின் கூட்டில் முட்டையிடும் என்பது சிற்றூர்ச் சிறுவர்களும் அறிந்தது. இதனைக் கொண்டு குயிலைச் சோம்பேறி என்றும், ஈன்ற கடமை துறந்த தாய் என்றும் பழிப்பாரும் உளர். குயில் கூடு கட்டத் தெரிந்தும் கட்டாத பறவை அன்று. கூடு கட்டும் திறன், அடைகாக்கும் இயல்பு, குஞ்சுக்கு இரை ஊட்டும் ஒழுக்கம் ஆகிய யாவும் அதன் மரபில் இல்லாதொழிந்தன. காக்கை இல்லாத ஊரில் அதற்கு வேறு ஏதேனும் ஒரு செவிலி வேண்டும். செவிலியே இல்லாத ஊரில் குயிற்குலம் இல்லை.

அதே குயிற்குடும்பத்தைச் சேர்ந்தது செம்போத்து. அது தானே கூடு கட்டித் தன் குஞ்சைத் தானே வளர்க்கிறது. இனி, ஏரி குளங்களில் வாழும் தாழைக்கோழியைக் காண்க. அதற்குக் கூடு கட்டவும் தெரியும், அடைகாக்கவும் தெரியும். ஆயினும் வாய்ப்பு நேர்ந்தால் தன்னினத்து அண்டைக் கோழியின் கூட்டில் ஓரிரு முட்டைகளை இட்டுவிட்டு வரும். அயல் கூட்டில் முட்டையிடல் குயிலுக்கு ஒருதலை, தாழைக்கோழிக்கு உறழ்ச்சி, செம்போத்துக்கு இல்லவே இல்லை. செயலை மட்டும் கண்டு முதலிரண்டையும் ஒன்றெனக் கருதுவோர், அச்செயலின் வேரைக் காணாதவர் ஆவர்.

தவம் செய்யும் பூனை

மாமல்லபுரத்தில், பல்லவர் காலத்து ஏழாம் நூற்றாண்டுப் பெரும்பாறைச் சிற்பத் தொகுதியில், பூனை ஒன்று பின்கால்களில் நின்று முன்கால்களை மேலே தூக்கித் தவம் புரிகிறது. அதனைச் சுற்றி எலிகள் அச்சமின்றி நிற்கின்றன. ‘உருத்திராக்கப் பூனை’ என்னும் வழக்கும் இக்கருத்தினதே. கண்டோர் நகைப்பர். அந்நகைப்பு உண்மையில் பூனையைக் குறித்தது அன்று. தவவேடம் பூண்ட மனிதரைக் குறித்தது. பூனைக்கு வேடமிடத் தெரியாது. ஊன் துறக்கவும் இயலாது.

இயலாது என்பது உவமை அன்று; உடற்கூற்று உண்மை. டாரின் என்னும் சத்து பூனைக்கு உயிர்நாடி. அது ஊனிலும் மீனிலும் உண்டு. தாவர உணவில் இல்லை என்றே சொல்லலாம். மனித உடலும் நாயின் உடலும் இச்சத்தைத் தாமே ஆக்கிக் கொள்ள வல்லன. பூனையின் உடல் போதிய அளவு ஆக்காது. அன்றியும், காரட், கீரை முதலியவற்றில் உள்ள நிறப்பொருளை மனித உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக் கொள்ளும். பூனையின் உடல் அவ்வாறு மாற்றும் வலியற்றது. 1975ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று, பாலின் புரதமாகிய கேசீனைக் கொண்டு ஆக்கிய உணவால் வளர்ந்த பூனைகளின் விழித்திரை டாரின் குறைவால் சிதைந்ததைக் காட்டிற்று. 1987ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அச்சத்துக் குறைந்த உணவால் பூனையின் இதயம் தளர்ந்து விரிவடைவதையும், சத்தை மீண்டும் ஊட்டினால் அது தேறுவதையும் கண்டறிந்தனர்.

இதன் பொருள் யாது? தூய உணவு உண்ணும் இல்லம் ஒன்றில், இரக்கத்தால் எடுத்து வளர்க்கப்படும் பூனைக்கு, வெளியே செல்லவும் விடாது, பாற்சோறும் தயிர்ச்சோறும் மட்டுமே நாள்தோறும் இடப்படுவதாகக் கொள்க. இட்டவர் உள்ளத்தில் அன்பு உண்டு. கையில் தூய்மை உண்டு. ஆயினும் அப்பூனை சிறிது சிறிதாகக் கண்ணொளி இழக்கக்கூடும். வளர்ந்த பூனைகளுள் பலவற்றுக்குப் பால் செரிப்பதும் இல்லை. நாய்க்குச் சோறும் பருப்பும் கொண்டு ஓரளவு ஈடு செய்யலாம். அதன் உணவில் உறழ்ச்சி உண்டு. பூனையின் உணவில் ஒருதலையே உண்டு. தன் நோன்பைப் பிற உயிரின் வயிற்றில் ஏற்றுதல் நோன்பாகாது. பூனைக்கு வேண்டியதை இடுவதற்கு மனம் இசையாதவர், அதனை வீட்டினுள் அடைத்து வளர்க்காதிருத்தலே அதற்குச் செய்யும் அருள்.

மனிதனிடத்திலும் இத்தகைய கட்டு ஒன்று உண்டு. ஆடு, மாடு, நாய், பூனை ஆகியவற்றின் உடல் வைட்டமின் சி என்னும் சத்தைத் தானே ஆக்கிக் கொள்ளும். மனிதனின் உடல் ஆக்காது. கனிகள் நிறைந்த உணவால் வாழ்ந்த தொல்பழம் முன்னோர் மரபில் அத்திறன் பழுதுற்றது. உணவிலேயே சத்து கிட்டியதால் அப்போது இழப்புத் தெரியவில்லை. நெடுங்கடலில் திங்கள் கணக்கில் உலர்ந்த உணவையே உண்ட மாலுமிகள் பல்லீறு சிதைந்து மாண்டபோது தெரிந்தது. 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், நோயுற்ற மாலுமிகள் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைந்து தேறினர். எலுமிச்சை பூனைக்கு வேண்டா, மனிதனுக்கு வேண்டும். ஊன் மனிதனுக்கு வேண்டா, பூனைக்கு வேண்டும். இதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை.

யானையின் சுற்றம்

உணவு மட்டுமன்றி ஒழுக்கமும் ஒருதலையாதல் உண்டு. பெண்யானை காட்டில் தனித்து வாழும் விலங்கு அன்று. தாய், தமக்கை, தங்கை, அவர்தம் கன்றுகள் எனச் சுற்றமாகவே வாழும். மூத்த பெண்யானையே அக்கூட்டத்தை நடத்திச் செல்லும். நாளின் பெரும்பகுதி நடப்பதிலும் மேய்வதிலும் கழியும். வளர்ந்த ஆண்யானை பெரும்பாலும் தனித்துத் திரியும். பெண்யானைக்குச் சுற்றமே உலகம்.

நெற்றிப்பட்டமும் வெல்லமும் வாழைப்பழமும் யானைக்கு உறழ்ச்சி. நடப்பதற்கு மண்தரை, குளிப்பதற்கு நீர், நிற்பதற்கு நிழல், உடன்நிற்க இன்னொரு யானை ஆகியவை ஒருதலை. கல்லும் சிமெண்டும் பாவிய தரையில் நெடுநேரம் நிற்கும் யானைக்குக் கால்நோய் வருவதை மருத்துவர் அறிவர். 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கோயில் யானைகளுக்கெனப் புத்துணர்வு முகாம் முதுமலையில் தொடங்கப்பட்டபோது, அவை சில வாரமேனும் தம்மினத்தோடு கூடிநிற்கும் வாய்ப்புப் பெற்றன. யானையிடம் ஆசி பெறுவோர், அதன் துதிக்கையில் காசு வைப்பதற்கு முன், அது இன்று எத்துணைத் தொலைவு நடந்தது என வினவுதல் நன்று. அவ்வினாவே அதற்கு இடும் நல்ல காணிக்கை.

உறழ்ச்சி ஒருதலையாதல்

உறழ்ச்சியாகத் தொடங்கியது காலப்போக்கில் ஒருதலையாகி விடுதலும் உண்டு. பட்டுப்புழுவே சான்று. அதன் காட்டு முன்னோர்க்குப் பறக்கத் தெரியும். சில ஆயிரம் ஆண்டுகளாக மனிதன் தட்டில் வைத்து, இலை கொய்து இட்டு வளர்த்ததன் பயனாக, இன்றைய பட்டுப்பூச்சிக்குச் சிறகு உண்டு, பறத்தல் இல்லை. மனிதன் கைவிட்டால் அக்குலம் இல்லை. பயன்படுத்தப்படாத திறன் தலைமுறை தலைமுறையாக நழுவி, வசதியாக வந்தது விலங்காக மாறிற்று.

மனித உடலின் மரபு அத்துணை விரைவில் மாறுவதன்று. ஆயினும் மனிதனின் பழக்கம் ஒரே தலைமுறையில் இவ்வேலையைச் செய்துவிடும். காலையில் காப்பி இன்றேல் உயிர் போய்விடும் என்பார் உண்டு. உயிர் போவதில்லை, ஓரிரு நாள் தலைவலிதான் வரும். கைப்பேசியை மறந்து வைத்துவிட்டு வந்தவர் படும் பதைப்பு, மூச்சுக்குத் தவிக்கும் விராலின் பதைப்பை ஒத்திருக்கிறது. விராலின் பதைப்பு மெய். அவர் பதைப்பு பழக்கம்.

அறம் பிறக்கும் இடம்

தொல்காப்பியத்து மரபியல், புல்லும் மரமும் ஓரறிவுடையன எனத் தொடங்கி, உயிர்களைப் படிப்படியாக வகுத்து, மனத்தோடு கூடிய ஆறறிவுடையோர் மக்கள் என முடிக்கிறது. அம்மனத்தின் தொழில் யாது என்பதற்கு இப்பகுப்பு ஒரு விடை தருகிறது. மனிதனுக்கு ஒருதலையாவன மிகச் சில: மூச்சு, நீர், உணவு, உறக்கம், பிணியிலிருந்து காப்பு, பிறர் துணை. மற்றவை பெரும்பாலும் உறழ்ச்சி. அவன் நெல்லும் உண்ணலாம், கோதுமையும் உண்ணலாம், ஊனும் உண்ணலாம், ஊன் துறந்தும் வாழலாம். துறந்து வாழ்வோர்க்கும் சில சத்துகள் ஒருதலையே. சான்றாக, வைட்டமின் பி12 செடியுணவில் இல்லை. பால், தயிர் முதலியவற்றாலோ மருந்தாலோ அதனைப் பெற்றாக வேண்டும். உணவு இன்னது என்பது உறழ்ச்சி. அதில் வேண்டும் சத்து ஒருதலை.

பூனை எலியைப் பிடித்தால் அதற்குப் பழி இல்லை. வேறு வழி இல்லாத இடத்தில் பழி ஏது? அதே காரணத்தால், புல் மேயும் பசுவுக்கு ஊன் உண்ணாமையால் புகழும் இல்லை. செய்யவும் செய்யாதிருக்கவும் இயலும் இடத்தில்தான் பழியும் புகழும் பிறக்கின்றன. ஆதலின் அறம் என்பது உறழ்ச்சியின் நிலத்தில் விளையும் பயிர். மிகுந்த உறழ்ச்சியை உடைய உயிர் மனிதன். மிகுந்த பொறுப்பும் அவனுக்கே.

அப்பொறுப்பை நிறைவேற்ற இரண்டு செயல்கள் போதும். பிற உயிருக்கு ஒன்று செய்யப் புகும்போது, அதற்கு ஒருதலையாவது எது எனக் கேட்டறிந்து, அதனை முதலில் அளித்தல் ஒன்று. தனக்கு ஒன்று வேண்டும் எனத் தோன்றும்போது, அது உண்மையில் ஒருதலையா, பழக்கத்தால் ஒருதலைபோல் தோன்றும் உறழ்ச்சியா என ஆராய்தல் மற்றொன்று. முன்னது அருள், பின்னது அடக்கம். சுவர்க்குள் அடைந்த பூனைக்கும், தனித்து நிற்கும் யானைக்கும், மூடிய குளத்து மீனுக்கும் தத்தம் தேவையை எடுத்துரைக்க வாய் இல்லை. அவற்றுக்காக வினவி அறியும் ஆற்றல் ஆறறிவுடையோர்க்கே வாய்த்துள்ளது. அவ்வாற்றலை இன்றே, தத்தம் இல்லத்திலும் தத்தம் ஊர்க் குளத்திலும் தொடங்கிப் பயன்படுத்துவோர் நீடு வாழ்வாராக!